ஏழாம் மேசைக்குப் போக வேண்டிய மீன்

பாகலூர் சாலையில் புது பப்.
திறந்து நான்கே நாள்.
கண்ணாடிக் கதவின் பிளாஸ்டிக் தாளைக்கூட
யாரும் உரிக்கவில்லை இன்னும்.
அமாவாசைக்குப் பூசணி மட்டும் ஒழுங்காக உடைத்திருந்தார்கள்.
அதன் விதையொன்று சிசுபாலனின் செருப்பில் ஒட்டி
எங்களோடு உள்ளே வந்தது.

ஏழு ஐம்பதுக்கு உட்கார்ந்தோம்.
நேரத்தைக் குறிக்காமல் இருக்க எனக்கு வராது.
சிப்காட்டில் என் வேலையே அதுதான்:
ஒரு கிளட்ச் தட்டுக்கு எத்தனை நொடி,
அதில் வீண் எத்தனை.
குனிந்தால் இரண்டு, திரும்பினால் ஒன்றரை.
மூக்கைச் சொறிந்தால்
அதற்கும் ஒரு கட்டம் உண்டு என் தாளில்.

எட்டு மூன்றுக்குத் தண்ணீர்.
எட்டுப் பத்துக்கு மெனு அட்டை, ஒன்றே ஒன்று.
பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்ப்பதுபோல்
மூன்று தலையும் முட்டிக்கொண்டு படித்தோம்.
மூன்று பீர். ஒரு பெப்பர் சிக்கன். ஒரு வேர்க்கடலை மசாலா.

பீர் வந்தது. தீர்ந்தது.
"கடலைய அப்பவே வெதச்சிருந்தா
இந்நேரம் மொளச்சிருக்கும்" என்றான் கெம்பண்ணா.

பரிமாறுகிறவன் சட்டையில் ரோஹித் என்று பட்டை.
ரோஹித் என்று கூப்பிட்டால் திரும்பவில்லை.
மூன்றாம் முறை வந்து நின்றான்.
"நான் மாதேசன் சார், அஞ்செட்டி.
ரோஹித் நேத்தே நின்னுட்டான்.
பட்டை மட்டும் இருக்குது."

புது ஷூ. வலது குதிகாலைத்
தரையில் படாமல் வைத்து வைத்து நடந்தான்.
சமையலறையிலிருந்து எங்கள் மேசைக்கு
இருபத்தாறு எட்டு.
அந்தக் கதவோ உள்பக்கமாக இழுத்துத் திறக்கிற கதவு.
இரண்டு கையிலும் தட்டு உள்ளவன்
யாராவது வந்து திறக்கும்வரை
உள்ளேயே நிற்க வேண்டும்.
குற்றம் கதவினுடையது.
ஐந்தே நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.
தெரிந்தும்
கையைத் தட்டி அவனைத்தான் அதட்டினேன்.

எட்டு ஐம்பத்தைந்துக்கு ஒரு மீன் வந்தது.
நாங்கள் கேட்காத மீன்.
முழுசாக, கண்மேல் எலுமிச்சை வில்லையோடு, ஆவி பறக்க.
வைத்துவிட்டு ஓடிவிட்டான்.
மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
சிசுபாலன் முள்ளெடுக்க ஆரம்பித்தான்.

வால்பக்கம் நான் வந்தபோது
ஏழாம் மேசையில் ஒருவர் எழுந்து கத்தினார்.
தனியாக வந்தவர்.
எதிர் நாற்காலியில் அவருடைய ஹெல்மெட் உட்கார்ந்திருந்தது.
"ஒரு மீனுக்கு ஒரு மணி நேரமாய்யா?
கேஆர்பி டேம்ல வலை போடவா போனீங்க?"

"ஆமா சார், சர்வீஸே சரியில்ல"
என்றது ஒரு குரல்.
என் குரல்தான்.
வாயில் மீன் இருந்ததால்
கொஞ்சம் வேறு மாதிரி கேட்டது.

மாதேசன் எங்கள் மேசைக்கு வந்தான்.
கெம்பண்ணா டிஷ்யூ தாளை இழுத்து மூடுவதற்குள்
முதுகெலும்பைப் பார்த்துவிட்டான்.
கையிலிருந்த ஆர்டர் சீட்டைப் பார்த்தான்.
என்னை மட்டும் பார்க்கவில்லை.
"சிக்கன் வந்துரும் சார்."

கை கழுவப் போகிற வழியில்
அந்தக் கதவைக் காலால் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.
இரண்டு தட்டோடு வெளியே வந்தான்.
நான்கு நொடி.
நன்றி என்று எதுவும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது.
எங்கள் பெப்பர் சிக்கன்
நேராக ஏழாம் மேசைக்குப் போனது.
ஹெல்மெட்காரர் குனிந்து முகர்ந்து பார்த்து,
இது மீனில்லையே என்று கேட்காமல்
சாப்பிடத் தொடங்கினார்.

பில்லில் மீன் இல்லை.
சிக்கன் இருந்தது.
வேர்க்கடலை மசாலா நூற்றெண்பது ரூபாய்,
கடைசிவரை வராதது, அதுவும் இருந்தது.
எண்ணாமல் கொடுத்தேன்.
"கேளுடா" என்று கெம்பண்ணா விலாவில் இடித்தான்.
நான் கேட்கவில்லை.

மீன் யார் கணக்கில் ஏறியிருக்கும்?
ரோஹித் கணக்கிலா,
மாதேசன் கணக்கிலா?
பஸ் ஸ்டாண்டு வரை யாரும் பேசவில்லை.
பல்லிடுக்கில் ஒரு சின்ன முள்.
நாக்கு போய்ப் போய்த் தொட்டுத் திரும்பியது.
எத்தனை தடவை என்று
முதல்முறையாக நான் எண்ணவில்லை.